வெறும் வலைக்கு ஒரு மன்றாட்டு

எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறு பூசை மன்றாட்டைக் கிழமைக்கு ஒரு வீடு வாசிக்கவேண்டும். முறை வரும் வீட்டுக்காரர் ஒரு துண்டில் நாலு மன்றாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். பாப்பரசருக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, நாட்டின் சமாதானத்துக்கு ஒன்று, கடைசியில் தொழிலுக்கு ஒன்று. யாரும் காது கொடுப்பதில்லை. வாசிப்பவர் "உம்மை மன்றாடுகின்றோம்" என்று நிறுத்தும் இடத்தில் முந்நூறு வாய்கள் திறந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லி மூடிக்கொள்ளும். பிறகு கொட்டாவி.

2013 ஆடியில், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, முறை றோசமேரி வீட்டுக்கு வந்தது. வீடு என்றால் அவர் ஒருவர்தான். ஐம்பத்திரண்டு வயது. கலியாணம் இல்லை. கடலோடு சேர்ந்த களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு என்கிற கைவலையால் இறால் கோலி விற்றுச் சீவிப்பவர். மூன்று மன்றாட்டை ஒழுங்காக வாசித்தார். நாலாவதையும் அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தார்:

"எங்கள் வலைகள் ஒரு கிழமைக்கு வெறுமையாய் வரவும், களப்பு எங்கள் கையிலிருந்து ஒரு கிழமையாவது தப்பியிருக்கவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகின்றோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

முந்நூறு பேரும் சொன்னார்கள். மீனவர் சங்கத் தலைவர் கிளைட்டன் பாட்டுக்குழுவின் தடித்த குரல்காரர். அவருடைய "கேட்டருளும்" வழக்கம்போல எல்லாருடையதையும்விட ஒரு இழுப்பு நீண்டு நின்றது. சங்கத்தின் செயலாளர் நான். நானும் சொன்னேன். காணிக்கைப் பாட்டுக்குப் புத்தகம் புரட்டும் சத்தத்துக்கு நடுவேதான், றோசமேரியின் அடுத்த வீட்டுக்காரி பவுலினா பின்வாங்கில் இருந்து கேட்டார்:

"அவ இப்ப என்னத்தை வாசிச்சவ?"

செவ்வாய்க்கிழமை களப்புக்குள் சொறி வந்தது. சொறிமுட்டை என்கிற ஜெலிமீன் சில வருடங்களில் வரும், போகும். இந்தமுறை வந்தது அப்படியல்ல. தண்ணீரே தடித்துப்போனதுபோல இருந்தது. வலையை இழுத்தால் கண்ணியெல்லாம் சளி. உதறினால் கைமுட்டி வரைக்கும் தடித்துச் சிவந்தது. இறாலும் மீனும் எங்கோ ஒதுங்கிவிட்டன. உதறிய சொறி கரையில் குவிந்து, வெயிலில் உருகி, ஈரச் சாக்கின் வீச்சத்தோடு ஊருக்குள் வந்தது. தொழிலில்லாத ஆம்பிளைகள் அந்தக் குவியலுக்குள்ளேயே நின்று சிகரெட் பிடித்தார்கள். சோற்றுப்பார்சல் பிரித்துத் தின்று, லஞ்ச் சீற்றைச் சுருட்டி அதிலேயே எறிந்தார்கள். திருவிழாவுக்குச் சனம் வந்து குவியப்போகிற நேரம். வருடத்தில் நல்ல விலை போகிற கிழமைகள். வியாழக்கிழமை அளவில் ஊரில் ஒரே கதைதான். றோசமேரி வாயால்தான் வந்தது.

இது வெறும் பொல்லாப்பு என்று நினைப்பவர்கள் றோசமேரியை அறியாதவர்கள். அவர் அந்த மன்றாட்டைப் பதினேழு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முந்தல் பக்கம் தொடங்கிய இறால் ஆசை களப்போரமாக ஏறி, குறிஞ்சிப்பிட்டி தாண்டி எங்கள் ஊருக்கு வந்தது தொண்ணூற்றிரண்டில். றோசமேரியின் தகப்பன் நிக்கொலஸ் களப்புக் கரையில் ஒன்றரை ஏக்கரை எடுத்து, அதில் நின்ற கண்டல் மரங்களை வெட்டி இறால் குளம் தோண்டினார். வெட்டியது மகள். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. ஆம்பிளைக்குச் சரியாகக் கோடாலி பிடிப்பார். நாற்பத்தாறு நாள் வெட்டியதாக அவரே சொல்லுவார். வெட்டுப்பட்ட வேருக்குள் இருந்து நண்டுகள் கிளம்பி ஓட இடமில்லாமல் தன் காலிலேயே ஏறியதையும் சொல்லுவார். "நான் அப்ப சிரிச்சனான்" என்று முடிப்பார்.

நாலு வருடம் நல்ல அறுவடை. தொண்ணூற்றாறில் இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளி நோய் விழுந்தது. வருத்தம் வந்த குளத்துத் தண்ணீரை வெளியே விடக்கூடாது. கதவை அடைத்து, மருந்து போட்டு, கிழமைக்கணக்கில் வைத்திருக்கவேண்டும். எல்லாருக்கும் தெரியும். "எடடி கதவுப் பலகையை" என்றார் தகப்பன். மகள் எடுத்தார். அந்தத் தண்ணீர் வாய்க்காலால் போய் அடுத்த குளத்துக்குள் ஏறியது. அடுத்த குளத்துக்காரனும் பலகையை எடுத்தான். அதற்கடுத்தவனும். அயலவன் குளம் சாகட்டும், தன்னுடையது தப்பினால் போதும் என்று ஒரே கிழமைக்குள் எல்லாரும் எல்லாருக்கும் நஞ்சு விட்டார்கள். பிறகு குளத்தோரமெல்லாம் செத்து ஒதுங்கிய இறாலைப் பார்த்து எல்லாரும் ஒன்றாக நின்று செபமாலை சொன்னார்கள்.

நிக்கொலஸ் அடுத்த வருடம் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். குளம் கிடந்தது. மண் துருவின் நிறமாகியது. மழை பெய்தால் ஒரு சாண் மஞ்சள் தண்ணீர், காய்ந்தால் உப்புப் பொருக்கு, மிதித்தால் கூழ்முட்டை நாற்றம். ஒரு புல் முளைக்கவில்லை. ஒருவருக்கும் வேண்டாத அந்தக் குளத்தில் ஊருக்கு வேண்டியதாக ஒன்றுதான் மிஞ்சியது: களப்புப் பக்கத்துக் கட்டு. எட்டடி அகலமான அந்த மண்கட்டின்மேல் போனால் வள்ளத்துறைக்கு அரை மைல் மிச்சம். மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு போவார்கள். போகும்போதே குப்பைப் பையைக் குளத்துக்குள் வீசிவிடுவார்கள். செத்த குளந்தானே.

றோசமேரியின் வீடு அந்தக் கட்டுக்கு எதிரே. காலையில் கதவைத் திறந்தால் முன்னால் அதுதான். அவர் புத்தகம் படித்தவர் அல்ல, எட்டாம் வகுப்போடு நின்றவர். குளத்தைப் பார்த்துப் பார்த்தே அவருக்குள் ஒரு கணக்கு உருவாகியிருக்கவேண்டும். அது ஊருக்குச் சகிக்காத கணக்கு.

ஒருமுறை கூட்டத்துக்கு வந்த ஓர் அதிகாரி, "களப்பு யாருக்கும் சொந்தமில்லை, அது எல்லாருக்கும் சொந்தம்" என்று பேசி முடித்தபோது அவர் எழும்பினார். "ரெண்டும் பிழை ஐயா. அது தனக்குச் சொந்தம்." அதிகாரி சிரித்துவிட்டு, நாளைய பிள்ளைகளுக்காகக் காப்பாற்றவேண்டும் என்றார். "ஏன்? அதுகளும் அரிச்சுத் தின்னவோ?"

வருடத்தில் ஒரு கிழமை ஒருவரும் களப்பில் கால் வைக்கக்கூடாது என்பது அவருடைய நீண்டநாள் கோரிக்கை. மீன் பெருகுவதற்கா என்று கிளைட்டன் கேட்டதற்கு, "பெருகாட்டிலும்தான். ஒரு வீட்டுக்குள்ள போறதெண்டா வாசல்ல நிண்டு கேக்கிறதில்லையா?" என்றார். பிரயோசனம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுளிக்கும். துர்நாற்றம் வந்ததுபோல மூக்கைத் திருப்பிக்கொள்வார்.

நாட்டில் சண்டை முடிந்தபின் திட்டங்கள் வந்தன. கண்டல் நடுகைத் திட்டம் மூன்று வருடம் தொடர்ந்து வந்தது. தொப்பி, ரீசேட், விருந்தினர் காலில் சேறு படாமலிருக்கச் சப்பாத்தின்மேல் கட்டிய சொப்பிங் பை. கண்டல் ஒருநாளும் நிற்காத கடற்புல் திட்டில், படம் எடுக்க வெளிச்சமான இடம் என்பதற்காக நட்டார்கள். அங்கே நிற்காது என்று ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நாங்கள் நட்டோம். அடுத்த வருடம், காய்ந்த குச்சிகளைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் திரும்ப நட்டோம். றோசமேரி மட்டும் வரவில்லை.

"நடவேண்டாம்" என்றார். "என்ட குளத்துக் கட்டை ஒரு இடத்தில வெட்டுவம். களப்புத் தண்ணி ஏறி இறங்கட்டும். மண் கழுவுப்படும். கண்டல் விதை தண்ணியில தானா மிதந்து வரும். பிறகு எல்லாரும் அங்கால போங்கோ. சும்மா இருங்கோ. அதுதான் திட்டம்."

குத்தகை அவர் பேரில். நிலம் அரசாங்கத்தினது. கட்டை வெட்ட, பாதை பாவிக்கும் மீனவர் சங்கம் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தரவேண்டும். மூன்று வருடம் கேட்டார். "அரை மைல் சுத்திப் போறதோ?" என்ற ஒரே பதில். அந்தக் கடிதத்தைத் தவிர அவருக்கு உலகத்தில் ஒருவரிடமும் எதுவும் தேவைப்படவில்லை.

சொறி வந்த கிழமைச் சனிக்கிழமை சங்கம் கூடியது. றோசமேரியைக் கூப்பிட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சொறிந்த தடிப்போடு ஆம்பிளைகள் கதிரைகளில் சாய்ந்திருந்தார்கள்.

"றோசக்கா, உங்கட மன்றாட்டால ஊரே பட்டினி" என்றார் கிளைட்டன்.

"என்ட மன்றாட்டு இல்லை தம்பி. நான் வாசிச்சது மட்டும். கேட்டருளும் எண்டது நீங்க. உங்கட குரல்தான் கூடக் கேட்டது."

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

"நாங்க என்னடி கண்டம்?" என்றார் பவுலினா. "வாய் பழகிப்போச்சு."

"அதைத்தான் நானும் சொல்லுறன். வாயும் பழகிப்போச்சு, கையும் பழகிப்போச்சு." றோசமேரி எழும்பி நின்றார். "சண்டைக் காலத்தில நேவி பாஸ் இல்லாமல் ஆரும் இறங்கேலாது. அப்ப களப்பு மூச்சு விட்டது. சமாதானம் வந்த உடன தங்கூசி நைலோன் வலையோட எல்லாரும் விழுந்தீங்க. குஞ்சும் இல்லை, சினையும் இல்லை. உங்களுக்குச் சண்டை முடிஞ்சது. அதுக்குத் தொடங்கினது."

எல்லாரும் பவுலினாவைத்தான் பார்த்தார்கள்.

"அந்தக் காலத்திலதான் என்ட மனுசன் தொழிலுக்குப் போனவர்" என்றார் பவுலினா. குரல் உயரவில்லை. "வள்ளம் வந்தது. ஆள் வரேல்ல. நான் அஞ்சு வருசம் துறையில போய் நிண்டனான். உனக்கு மூச்சு விட்டதாம். உன்ட வாயில புழுப் பிடிக்க."

"அதுவும் உண்மை, பவுலினா."

"என்னடி 'அதுவும்'?"

றோசமேரி உட்கார்ந்துகொண்டார். அவர் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அதற்காக அன்று அவரைப் பார்க்கவே எனக்குக் கூசியது. மனிதரைவிடத் தண்ணீருக்குக் கூடுதலாக இரங்குகிற ஒரு நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பது அவ்வளவு சுகமான காரியமல்ல.

கிளைட்டன் பிறகு விசயத்துக்கு வந்தார். மன்றாட்டைத் திருப்பி எடுக்க வழியுண்டா என்று ஃபாதரிடம் கேட்டுவிட்டாராம். திருச்சபையில் அப்படியொரு சடங்கு இல்லை, இன்னொரு மன்றாட்டு வாசிக்கலாம், அதற்கு யாரும் தடையில்லை என்று ஃபாதர் சொன்னாராம், சிரித்துக்கொண்டு.

"நாளைக்கு நீங்களே வாசிக்கவேணும், அக்கா. வலை நிறையவேணும் எண்டு. சனத்துக்கு மனம் ஆறும்."

"கட்டுக்குக் கடிதம் தருவியோ?"

அவர் அதைக் கேட்ட வேகம் எல்லாரையும் திடுக்கிட வைத்தது. கிளைட்டன் சுற்றிப் பார்த்தார். எட்டடி அகலக் கட்டு. பதினேழு வருடம் மோட்டார் சைக்கிள் ஓடி இறுகிய மண். ஒரு தனி மனுசி மண்வெட்டியால் அதை என்ன செய்யப்போகிறாள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"தாறன். வாசிச்ச உடன தாறன்."

"இவர் எழுதட்டும்" என்று என்னைக் காட்டினார் றோசமேரி. நான் கூட்ட அறிக்கையில் எழுதினேன்.

ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. பூசைக்கு வராதவர்களும் வந்து கதவடியில் நின்றார்கள். றோசமேரி வெள்ளை முக்காடு போட்டு மேலே ஏறி, தாளை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார்: "எங்கள் வலைகள் கிழியும் மட்டும் நிறையவும், களப்பிலுள்ள எல்லாவற்றையும் எங்கள் கையில் தந்தருளவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகின்றோம்."

சங்கம் எழுதிக் கொடுத்தது "வலைகள் நிறையவும்" என்பது மட்டுந்தான். மிச்சம் அவருடையது. ஆனால் யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. இந்தமுறை எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள், கேட்டு, விரும்பி, தொண்டை கிழிய, "கேட்டருளும்" என்றார்கள். ஓட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. பழக்கத்தில் சொன்ன சொல்லைவிட, மனதாரச் சொன்ன அந்தச் சொல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

படியில் அவரைக் கேட்டேன். "எப்பிடி வாசிச்சீங்க, அக்கா?"

"வாயாலதான்" என்றார். "களப்புக்குக் காது இல்லை. நல்லகாலம்."

கிளைட்டன் சொன்ன சொல் தவறவில்லை. அன்றே கடிதத்தில் ஒப்பம் வைத்தார். திங்கள் காலை றோசமேரி கட்டில் இறங்கினார். மேல்மண் சீமெந்துபோல. அலவாங்கால் குத்திப் பெயர்த்து, மண்வெட்டியால் கூடையில் இழுத்து, கூடையைக் குளத்துப் பக்கம் கவிழ்த்தார். மோட்டார் சைக்கிள்காரர் பள்ளத்தை விலத்திக்கொண்டு, "என்ன அக்கா, தங்கமோ தேடுறீங்க?" என்று போனார்கள். மூன்று நாள் போனார்கள். நாலாம் நாள் போக இடமிருக்கவில்லை. அன்று மத்தியானம், நிறைதண்ணீர் நேரம், களப்பு உள்ளே வந்தது.

அழகாக வரவில்லை. பதினேழு வருடக் குப்பையும் துருவும் கூழ்முட்டை நாற்றமும் கிளம்பி ஊரை மூடியது. ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வாய்க்காலில் சின்ன மீன்கள் கொஞ்சம் செத்து மிதந்தன. றோசமேரி அந்தக் கறுப்புத் தண்ணீரில் தொடைவரை நின்று, விளிம்பைச் சரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிய வெட்டுவாய் அடைபட்டிருந்தது. அடைத்தது மண்ணால் அல்ல. மண் சுமக்க யாருக்கு முதுகு இருக்கிறது? ஊர்க்குப்பையால். சொப்பிங் பைகள், கிழிந்த தங்கூசி வலை, உடைந்த ரெஜிபோம் பெட்டி, பிள்ளைகளின் பம்பஸ், மீன் குடல், தேங்காய் மட்டை. மேலே இரண்டு பலகை. அதன்மேல் நடந்து போனார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, செருப்பு அமிழ அமிழ. றோசமேரி ஒவ்வொன்றாகக் கையால் இழுத்தெடுத்துக் கரையில் குவித்தார். தண்ணீர் ஓடியது. மறுநாள் குவித்ததையே திரும்ப உள்ளே தள்ளியிருந்தார்கள்.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. கிளைட்டனிடம் போனார். "நான் கடிதம் தந்தன், அக்கா. ஆர் போடுறது எண்டு எனக்கென்ன தெரியும்? ஊர்தானே." ஓம், ஊர்தான். யார் என்று கேட்டால் எல்லாருமே அடுத்த வீட்டைக் காட்டினார்கள். நானும் ஒருநாள் அந்தப் பலகைமேல் நடந்து போயிருக்கிறேன். சுற்றிப் போக நேரமில்லாமல்.

ஆறாம் நாள் றோசமேரியின் கையில் வெட்டுப்பட்ட இடம் சீழ் கட்டியது. துணி சுற்றிக்கொண்டு இழுத்தார். எட்டாம் நாள் காய்ச்சல். அன்று குப்பை இறுகி நின்றுவிட்டது, தண்ணீர் ஏறவில்லை. உள்ளே மீண்டும் மஞ்சளாய்த் தேங்கியது. இனி முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. நானும் நினைத்தேன்.

அதற்குள் சொறி ஒதுங்கி, வலையில் மீன் படத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் காலை பவுலினா கருவாட்டுக்கு மீன் எடுக்க பேசினோடு துறைக்குப் போனார். பலகை புரண்டது. முழங்கால்வரை உள்ளே போய்விட்டார். எழும்பியபோது காலில் ஒரு பம்பஸ் சுற்றியிருந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, பேசினை அங்கேயே போட்டுவிட்டு, அவர் வீட்டுக்குத் திரும்பினார். வாயில் வந்ததெல்லாம் தூசணம். ஊருக்கு, கிளைட்டனுக்கு, றோசமேரிக்கு, றோசமேரியின் தகப்பனுக்கு.

அரைமணித்தியாலத்தில் அவர் வளவுக்குப் பின்னால் காற்றுக்கு விழுந்து கிடந்த தென்னையின் ஒரு துண்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். தனியாக. மூன்று அடிக்கு ஒருமுறை நின்று. றோசமேரி காய்ச்சலோடு வாசலில் இருந்து பார்த்தார். பிறகு இறங்கிப்போய், முதலில் குப்பையை இழுக்கத் தொடங்கினார். பவுலினாவும் இழுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வெட்டுவாய் வெறுமையானதும் மரத்தின் ஒரு தலையைப் பவுலினா தூக்கினார், மற்றதை றோசமேரி.

"உனக்காக எண்டு நினையாத" என்றார் பவுலினா. "என்ட கால் நாறுது."

"ஆக்கள் வராமல் இருந்தா இன்னும் நல்லம்."

"வருவம். பாலத்தால வருவம். உன்ட களப்பிட்டச் சொல்லு, நாங்களும் இருக்கிறம் எண்டு."

"அதுக்குத் தெரியும். அதுதான் அதின்ட வருத்தம்."

பவுலினா காறித் துப்பினார். "பிடியடி ஒழுங்கா. விழுந்தா என்ட விரல் போகும்."

மரம் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் வைத்தார்கள். இரண்டாவது துண்டை இழுத்துவர இருவரும் போனார்கள். துறையில் இருந்து வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் மறுகரையில் நின்று, "இதால எப்பிடி நான் வாறது?" என்று கத்தினான்.

"இறங்கி நடடா" என்றார் பவுலினா.

அவரே பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலால் மரத்தை இரண்டுமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, மறுகரைக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கீழே கறுப்புத் தண்ணீர், நாறிக்கொண்டு, குளத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது.